டமார்! சமையலறை டிராயரைச் சத்தமில்லாமல் மூட ஒரு மெக்கானிக்கல் பாடம்

வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் வேலை பார்ப்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய வசனம் ஒன்று உண்டு. "கொஞ்சம் மெதுவா மூடக் கூடாதா?"

பெரும்பாலும் இது அம்மாவுக்குத்தான் விழும். விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டுகிறவர் கையில் ஒரு பாத்திரம், அடுப்பில் ஒரு பாத்திரம். டிராயரை இடுப்பால் தள்ளி மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளே நைட் ஷிப்ட் முடித்து வந்தவரோ, கைக்குழந்தையோ, பரீட்சைக்கு இரவு முழுக்கப் படித்துவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்த நீங்களோ இருப்பீர்கள். டமார்! எல்லோரும் எழுந்தாச்சு.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். தப்பு மூடுகிறவர் கையில் இல்லை, டிராயர் நிற்கிற விதத்தில் இருக்கிறது. ஆளைத் திருத்துவதை விட டிராயரைத் திருத்துவது சுலபம். அதற்குத் தேவையான பாடம் முழுவதையும் நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம். என்ன, பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டோம்.

இது சின்ன விஷயமா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டுதலில், இரவில் படுக்கையறைக்குள் கேட்கும் தனித்தனிச் சத்தத்தின் உச்சம் 45 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று இருக்கிறது. சராசரிச் சத்தத்துக்குத் தனியாக ஓர் அளவு, இப்படித் திடீரென்று வரும் சத்தத்துக்குத் தனியாக ஓர் அளவு. ஃபேன் சத்தத்தில் தூங்கிவிடலாம், திடீர் டமாரில் முடியாது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

டிராயர் சத்தம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நான்கு வேறு சத்தங்கள் சேர்ந்து வருகின்றன. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

1. டமார்: மூடும்போது முன்பலகை கேபினெட்டில் மோதுவது.
2. கடகட, சலசல: உள்ளே இருக்கும் கரண்டி, தட்டு, டம்ளர் ஒன்றோடொன்று மோதுவது.
3. கிரீச்: இழுக்கும்போது வரும் உராய்வுச் சத்தம்.
4. கரகர: சானலுக்குள் இருக்கும் பால்பேரிங் அழுக்கில் உருளுவது, அல்லது சானல் கோணலாக மாட்டியிருப்பது.

எது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். டிராயரைக் காலி செய்துவிட்டு வழக்கமான வேகத்தில் மூடுங்கள். சத்தம் பெரும்பாலும் போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி உள்ளே இருந்த பாத்திரங்கள். அப்படியே இருக்கிறதா? குற்றவாளி மோதல். அடுத்து, காலி டிராயரை மிக மெதுவாக இழுங்கள். கிரீச் மெதுவாக இழுக்கும்போதுதான் நன்றாக வெளியே வரும். கடைசியாக, டிராயரைப் பாதி இழுத்து வைத்து, முன்பலகையைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது.

எதை முதலில் சரி செய்ய வேண்டும்? இங்கேதான் டெசிபல் நம்மை ஏமாற்றும். மோதல் 70 டெசிபல், பாத்திரச் சத்தம் 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 130 இல்லை, 70.4 டெசிபல்தான். டெசிபல் லாக் அளவு என்பதால் நேராகக் கூட்ட முடியாது. இப்போது கஷ்டப்பட்டுப் பாத்திரச் சத்தத்தை முழுக்க ஒழித்தாலும் மிச்சம் 70. யாருக்கும் வித்தியாசமே தெரியாது. அதற்குப் பதில் மோதலை 60-க்குக் கொண்டு வந்தால் மொத்தம் 63. இது காதுக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் எப்போதும் பெரிய சத்தத்தில் கை வையுங்கள். சின்னது பிறகு.

டமார்: நிற்கும் தூரம்தான் எல்லாம்

பாத்திரங்களோடு சேர்த்து 8 கிலோ எடையுள்ள ஒரு டிராயர், நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் வந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் = அரை × நிறை × வேகத்தின் வர்க்கம். அதாவது 0.5 × 8 × 0.25 = 1 ஜூல்.

டிராயர் நிற்க வேண்டுமென்றால் இந்த 1 ஜூல் எங்காவது போயாக வேண்டும். எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதுதான் கேள்வி. சராசரி விசை = ஆற்றல் ÷ நிற்கும் தூரம். நிற்கும் நேரம் = 2 × தூரம் ÷ வேகம். மூன்று நிலைகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

பலகையோடு பலகை நேராக மோதினால், நிற்கும் தூரம் 0.2 மி.மீ. விசை 5000 நியூட்டன். நேரம் 0.8 மில்லி நொடி.

நடுவில் மெத்தென்ற ரப்பர் பம்பர் இருந்தால், தூரம் 2 மி.மீ. விசை 500 நியூட்டன். நேரம் 8 மில்லி நொடி.

சாஃப்ட் குளோஸ் சானல் இருந்தால், தூரம் 40 மி.மீ. விசை 25 நியூட்டன். நேரம் 160 மில்லி நொடி.

ஆற்றல் மூன்றிலும் அதே 1 ஜூல். விசை மட்டும் 5000-இலிருந்து 25-க்கு இறங்கிவிட்டது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே கதை.

விசையோடு விஷயம் முடியவில்லை. ஒரு மோதலின் நேரம் எவ்வளவு குறைவோ, அது அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்களைக் கிளப்பும். தோராயமாக, 1 ÷ மோதல் நேரம் என்ற அதிர்வெண் வரைக்கும் ஆற்றல் பரவியிருக்கும். மேலே உள்ள மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள்: 1250 ஹெர்ட்ஸ், 125 ஹெர்ட்ஸ், சுமார் 6 ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்பதே சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்துதான். காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. அதாவது பம்பர் வைத்தால் சத்தத்தின் அளவும் குறைகிறது, அதன் குணமும் மாறுகிறது. 'டமார்' என்பது 'தொப்' ஆகிவிடும். சாஃப்ட் குளோஸ் போட்டால் மோதலே காதின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஹார்டுவேர் கடையில், பின்னால் பசை உள்ள, பொத்தான் வடிவ ரப்பர் அல்லது சிலிக்கான் பம்பர் அட்டையாகக் கிடைக்கும். டிராயர் முன்பலகையின் உள்பக்கம், நான்கு மூலைகளிலும், கேபினெட் விளிம்பில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத பலகையே கிடையாது, பிசுக்கின் மேல் ஒட்டினால் இரண்டே நாளில் கையோடு வந்துவிடும். நான்கும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தடிமன் என்றால் மோதல் முழுவதும் அதன் மேல் விழும்.

விரலால் அழுத்தினால் அமுங்குகிற பம்பராகப் பார்த்து வாங்குங்கள். கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பம்பர் நிற்கும் தூரத்தைக் கூட்டாது. பணம்தான் வீண்.

சாஃப்ட் குளோஸ்: நம்ம வைப்ரேஷன்ஸ் பேப்பர்

சாஃப்ட் குளோஸ் சானலுக்குள் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று ஸ்பிரிங். கடைசிச் சில சென்டிமீட்டரில் டிராயரைப் பிடித்து உள்ளே இழுப்பது அதுதான். இன்னொன்று டேம்பர். சின்ன சிலிண்டருக்குள் பிஸ்டன், பிசுபிசுப்பான திரவம் சின்ன வழியில் பிதுங்கிப் போக வேண்டும். வேகமாகத் தள்ளினால் அதிகமாக எதிர்க்கும், மெதுவாகத் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். ஆஃபீஸ் கதவின் மேலே இருக்கும் டோர் குளோசரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறை, ஸ்பிரிங், டேம்பர். ஆமாம், போர்டில் வரைந்து வரைந்து அலுத்துப்போன அதே படம்தான். டேம்பிங் ரேஷியோ = டேம்பிங் குணகம் ÷ (2 × √(ஸ்பிரிங் விறைப்பு × நிறை)).

ஸ்பிரிங் விறைப்பு மீட்டருக்கு 200 நியூட்டன், டேம்பிங் குணகம் 80 என்று ஒரு மாதிரிக் கணக்கு. 8 கிலோ டிராயருக்கு √1600 = 40, இரண்டால் பெருக்கினால் 80. ரேஷியோ சரியாக 1. கிரிட்டிக்கல் டேம்பிங். ஸ்பிரிங் மட்டும் இழுக்கும்போது டிராயர் தாண்டாமல், முட்டாமல் போய் உட்காரும்.

இப்போது அதே டிராயரில் பிரஷர் குக்கர், இரும்பு தோசைக்கல், பருப்பு டப்பா எல்லாம் ஏற்றி 18 கிலோ ஆக்குங்கள். √3600 = 60, இரண்டால் பெருக்கினால் 120. ரேஷியோ 80 ÷ 120 = 0.67. அண்டர்டேம்ப்டு. கடைசிப் புள்ளிக்கு வரும்போதும் டிராயரிடம் வேகம் மிச்சம் இருக்கும், அதனால் முட்டும். "சாஃப்ட் குளோஸ் போட்டும் சத்தம் வருதே, கம்பெனி ஏமாத்திட்டான்" என்று பல வீடுகளில் கேட்கும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம். சானல் கெட்டிருக்காது, மேலே ஏற்றிய எடை கூடியிருக்கும். கனமானவற்றைக் கீழ் அலமாரிக்கு மாற்றிவிட்டுத் திரும்ப மூடிப் பாருங்கள். மிக வேகமாகத் தள்ளினாலும் டேம்பர் திணறும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சானலை எடுத்துவிட்டு சாஃப்ட் குளோஸ் மாட்டுவதாக இருந்தால் இரண்டு அளவுகளைப் பாருங்கள். சானலின் நீளம் (20 இஞ்ச் என்றால் 500 மி.மீ. சானல்). டிராயர் பெட்டிக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் உள்ள இடைவெளி. பக்கவாட்டில் மாட்டும் பால்பேரிங் சானலுக்கு வழக்கமாக அரை இஞ்ச், அதாவது சுமார் 12.7 மி.மீ. வேண்டும். இரண்டும் பொருந்தினால் கார்பென்டர் இல்லாமல் நீங்களே மாற்றிவிடலாம்.

கடகட: எவர்சில்வரின் பாட்டு

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் என்ன செய்வோம்? ஓடிப்போய்க் கையை வைப்போம். சத்தம் சட்டென்று நின்றுவிடும். அதுதான் டேம்பிங். எஃகுக்குத் தானாக அதிர்வை விழுங்கும் குணம் மிகக் குறைவு, அதனால் தட்டினால் நெடுநேரம் பாடும். கை, துணி, ரப்பர் போன்றவை அந்த அதிர்வைச் சூடாக மாற்றி விழுங்கிவிடும்.

நம் ஊர் மாடுலர் கிச்சனில் டிராயர் என்றால் பெரும்பாலும் கம்பிக் கூடைதான். தட்டு பாஸ்கெட், கப் சாசர் பாஸ்கெட், கட்லரி பாஸ்கெட். எஃகுக் கம்பி மேல் எஃகுப் பாத்திரம். பாடகரும் எஃகு, மேடையும் எஃகு. பழைய வீடுகளில் கடப்பா கல் பலகையில் பாத்திரம் இருந்தது. கல்லின் எடைக்கு அது லேசில் அதிராது. இப்போது மெல்லிய பலகைப் பெட்டியில் கூடை தொங்குகிறது. வீணைக்குக் குடம் செய்கிற வேலையைப் பாத்திரத்துக்குக் கேபினெட் செய்கிறது. சின்ன அதிர்வை வாங்கிப் பெரிய பரப்பிலிருந்து வெளியே அனுப்புகிறது.

கூடையின் அடியில் ரப்பர் மேட் போடுங்கள். ஆனால் ஓட்டை உள்ள மேட்டாக இருக்கட்டும். கம்பிக் கூடையின் முக்கிய வேலையே தண்ணீர் வடிய விடுவதுதான். ஓட்டையில்லாத மேட் போட்டால் தண்ணீர் தேங்கும், வாடை வரும், கரப்பான் குடியேறும். பழைய துண்டை மடித்துப் போடுவது கட்லரி தட்டுக்குச் சரி. ஆனால் வாரம் ஒருமுறை எடுத்துத் துவைத்துக் காய வைக்க வேண்டும்.

மேட் இன்னொரு வேலையும் செய்கிறது. முந்தைய கணக்குக்குத் திரும்பப் போவோம். சாஃப்ட் குளோஸில் 8 கிலோ டிராயர் மேல் 25 நியூட்டன். அப்படியானால் வேகத்தணிப்பு 3.1 மீட்டர்/நொடி², புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பூனுக்கும் மேட்டுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் இந்தப் பங்கை விட அதிகமாக இருந்தால், ஸ்பூன் இருந்த இடத்தை விட்டு நகரவே நகராது. ரப்பரில் 0.5-க்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கும். வழவழப்பான எஃகின் மேல் எஃகு என்றால் வழுக்கிவிடலாம். பம்பர் மட்டும் இருந்தால் (500 நியூட்டன்) வேகத்தணிப்பு புவியீர்ப்பைப் போல 6 மடங்கு. அப்போது மேட் இருந்தாலும் ஸ்பூன் சறுக்கும். அதனால் பம்பர் மட்டும் போடுகிறவர்கள், கரண்டிகள் ஓடி மோத இடம் இல்லாதபடி தடுப்புத் தட்டு வைத்து நெருக்கமாக அடுக்க வேண்டும். டம்ளர்களைக் கவிழ்த்து ஒன்றோடொன்று தொடாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கிரீச்சும் கரகரவும்

கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிடுவதும், வயலினில் வில் ஒலி எழுப்புவதும், டிராயர் கத்துவதும் ஒரே இயக்கம். ஸ்டிக்-ஸ்லிப் என்பார்கள். நிற்கும்போது உள்ள உராய்வு, நகரும்போது உள்ள உராய்வை விட அதிகம். அதனால் பரப்பு ஒட்டும், இழுவிசை சேரும், சட்டென்று விடுபடும், மறுபடி ஒட்டும். இது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடந்தால் கிரீச். இரண்டு உராய்வுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்தால் போதும்.

மரத்தில் மரம் உரசும் பழைய மேஜை டிராயர் என்றால், உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். அவ்வளவுதான் வைத்தியம். மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறது என்றால் மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது. இழைப்புளியை எடுப்பதற்கு முன் வெயில் காலம் வரை பொறுங்கள், இல்லாவிட்டால் அப்போது லூசாகிவிடும்.

பால்பேரிங் சானல் என்றால் முதலில் சுத்தம், பிறகுதான் கிரீஸ். தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி, மாவு, மஞ்சள் தூள் எல்லாம் சானலுக்குள் சேர்ந்து பசையாகியிருக்கும். டிராயரைக் காலி செய்து முழுக்க இழுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சின்ன பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கும். பல சானல்களில் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் ஒரே நேரத்தில் அழுத்தினால் டிராயர் கழன்று வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, சிலிக்கான் ஸ்ப்ரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். நாலைந்து முறை இழுத்து மூடிவிட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதது இரண்டு. சமையல் எண்ணெய் ஊற்றாதீர்கள். முதல் வாரம் ஜம்மென்று இருக்கும், பிறகு காற்றுப் பட்டுப் பிசினாகி, தூசியைப் பிடித்து, முன்பை விட மோசமாகும். இன்னொன்று, அடுப்பு எரியும்போது எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் எரியும் வாயு இருக்கிறது. அடுப்பையும் சிலிண்டரையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

சுத்தம் செய்தும் கரகர போகவில்லையா? டேப்பை எடுத்துக் கேபினெட்டின் உள் அகலத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் இரு சானல்களும் இணையாக இல்லை, டிராயர் இழுக்க இழுக்க இறுகும். ஸ்குரூவைத் தளர்த்தி நேராக்க வேண்டும். பிளைவுட்டில் ஸ்குரூ ஓட்டை பெரிதாகி லொடலொடத்தால், ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளை மருந்து நீக்கி இறுக்கமாகச் சொருகி, ஒரு நாள் காயவிட்டு, அதே ஸ்குரூவைத் திரும்பப் போடுங்கள். நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

அளந்து பாருங்கள்

நாம் இன்ஜினியரிங் மாணவர்கள். "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லக் கூடாது. போனில் ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். ஆப் காட்டும் எண் கேலிப்ரேட் செய்யப்பட்ட கருவியின் எண் ஆகாது, ஆனால் முன்பும் பின்பும் ஒப்பிடத் தாராளமாகப் போதும். போனை ஒரே இடத்தில், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ஃபேன், மிக்ஸி, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வழக்கமாக மூடுகிறவரையே மூடச் சொல்லுங்கள், நீங்கள் மூடினால் தானாகவே மெதுவாக மூடுவீர்கள்! ஐந்து முறை உச்ச அளவைக் குறித்து, நடு மதிப்பை எடுங்கள். பிறகு படுக்கையறையில் போனை வைத்து அதே சோதனை. இரண்டு அறைக்கும் பொதுச் சுவர் இருந்து, கேபினெட் அதில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தால், சத்தம் காற்று வழியாக மட்டுமில்லாமல் சுவர் வழியாகவும் போகும். அங்கே கதவைச் சாத்துவதால் பெரிய பயன் இருக்காது. மோதும் இடத்திலேயே பம்பர் வைப்பதுதான் வழி.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: காலி செய்து சோதனை, ஸ்குரூ இறுக்குதல், சானல் சுத்தம், பம்பர், மேட், எடையைப் பிரித்து வைத்தல். இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் மட்டும் சாஃப்ட் குளோஸுக்குச் செலவு செய்யுங்கள். முதல் ஆறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை.

வீட்டுப்பாடம்

12 கிலோ டிராயர், நொடிக்கு 0.4 மீட்டர் வேகம், பம்பரில் 1.5 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. சராசரி விசை என்ன? மோதல் நேரம் என்ன? எந்த அதிர்வெண் வரை சத்தம் பரவும்?

விடை: 640 நியூட்டன், 7.5 மில்லி நொடி, சுமார் 133 ஹெர்ட்ஸ்.

கணக்கு சரியாக வந்துவிட்டதா? நல்லது. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு அட்டை பம்பர் எடுத்துக்கொண்டு போங்கள். "மெதுவா மூடும்மா" என்று சொல்வதற்குப் பதிலாக, நாலு மூலையிலும் ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.